கீழ் வீட்டு வெளிச்சம்

"பார்த்தீங்களா, நம்ம கரண்ட்டை எல்லாம் அவ கீழ இழுத்துக்கிட்டா!"

மாடி வீட்டுத் தையல்காரி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக் கத்தினாள்.

அவள் வீட்டு விளக்கு மங்கி அழுது வடிந்தது. தையல் மெஷினின் மோட்டார் முனகி முனகி, பாதித் தையலில் நின்றுபோனது. கீழே கொழுந்தன் வீட்டு வாசல் பல்போ தகதகவென்று எரிந்துகொண்டிருந்தது. மழை மேகத்தில் பகலே இருட்டிக் கிடந்ததால் அந்த வெளிச்சம் இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

அண்ணனும் தம்பியும் சேர்ந்து கட்டிய வீடு. மேலே அண்ணன், கீழே தம்பி. ஓரகத்திகள் இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. மொட்டைமாடிக் கொடியில் யார் துணி முதலில் காய்வது என்பதில் மூண்ட சண்டை. அதைவிடச் சின்ன காரணம் கிடைத்திருந்தால் அதற்கும் போட்டிருப்பார்கள்.

"அஞ்சு மணிக்கு வேன் வந்துடுங்க. முதல் தடவையா ஒரு பள்ளிக்கூடம் நம்மை நம்பி விளையாட்டு டீமுக்கு உடுப்பு தைக்கக் குடுத்திருக்கு. நாளைக்குப் பசங்க இதைப் போட்டுக்கிட்டுத்தான் மைதானத்துல இறங்கணும். இது மட்டும் தவறிச்சு, கடை வைக்கிற கனவை மூட்டை கட்டிட வேண்டியதுதான்."

சொல்லிக்கொண்டே அவள் சத்தமாக அழுதுவிட்டாள்.

லீவு போட்டுவிட்டு, தைத்த உடுப்புகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த கணவனுக்கு ரத்தம் கொதித்தது. பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு மாடிப்படிக்கு ஓடினான்.

"எங்க கரண்ட்டை உறிஞ்சுற வேலை எல்லாம் என்கிட்ட வேண்டாம்! எலக்ட்ரீஷியனுக்குச் சொல்லியாச்சு. வரட்டும், கையும் களவுமா பிடிக்கிறேன்!"

கீழ் வீட்டுக் கதவு மூடியே கிடந்தது.

அவன் திரும்பி வந்து உட்காரக்கூட இல்லை. விளக்கு பளிச்சென்று எரிந்தது. மெஷின் கிர்ரென்று பாய்ந்தது.

"பார்த்தியா? ஒரே அதட்டல். ஆள் அடங்கிட்டா!"

முறுக்கிவிட மீசை இல்லாததால் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

அதன்பிறகு தையல்காரி தலை நிமிரவில்லை. சட்டை சட்டையாக மெஷினிலிருந்து விழ விழ, அவன் தேய்த்து அடுக்கினான். கடைசிப் பொத்தானைத் தைத்து நூலைப் பல்லால் கடித்தபோது வாசலில் வேன் ஹாரன் அடித்தது.

விளையாட்டு ஆசிரியர் ஒரு சட்டையை எடுத்துத் தோள்பட்டைத் தையலை இழு இழு என்று இழுத்துப் பார்த்தார். அது அசைந்து கொடுக்கவில்லை.

"அடுத்த வருஷம் பள்ளிக்கூடம் மொத்தத்துக்கும் நீங்கதாம்மா தைக்கறீங்க."

வேன் தெருமுனை திரும்புவதற்குள் தையல்காரி சிரித்து, அழுது, மறுபடியும் சிரித்துவிட்டாள். ஜெயித்தாயிற்று!

அந்த நேரம் பார்த்து எலக்ட்ரீஷியன் வந்து சேர்ந்தார். மாடிப்படிக்கு அடியிலிருந்த பெட்டியைத் திறந்து டார்ச் அடித்தார்.

"யாரும் எதையும் திருடல சார். மேல ஒரு லைன், கீழ ஒரு லைன். கரண்ட் திரும்பிப் போக ரெண்டுக்கும் பொதுவா இந்த ஒரு நியூட்ரல் ஒயர். அது லூஸாகிக் கருகியிருக்கு. அதனால இப்ப ரெண்டு வீடும் தராசுத் தட்டு மாதிரி. எந்தப் பக்கம் லோடு ஜாஸ்தியோ, அந்தப் பக்கம் வோல்டேஜ் இறங்கும். இன்னொரு பக்கம் ஏறும். நீங்க மெஷினையும் இஸ்திரிப் பெட்டியையும் சேர்த்துப் போட்டீங்க, உங்களுக்கு இறங்கிடுச்சு."

"அப்புறம் திடீர்னு சரியாச்சே? நான் போட்ட அதட்டல்லதானே?"

"கரண்ட்டுக்குக் காது கேட்காது சார். கீழ யாரோ பெரிய லோடா போட்டிருக்காங்க, அதான் உங்களுக்கு ஏறிடுச்சு. எல்லாத்தையும் அணைக்கச் சொல்லுங்க, அப்பதான் நான் கை வைக்க முடியும்."

கணவன் காலரைக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டான். தையல்காரிதான் போய்க் கதவைத் தட்டினாள்.

கதவு திறந்தது. உள்ளே பல்பு மினுக் மினுக்கென்றது. மின்விசிறி சுற்றலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. கீழ் வீட்டுக்காரிக்கு உடம்பெல்லாம் வியர்வை. மேஜையில் இஸ்திரிப் பெட்டி நிமிர்ந்து நின்று சூடேறிக் கொண்டிருந்தது. பக்கத்திலேயே ஹீட்டர் போட்ட வாளியில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. தேய்க்க ஒரு கைக்குட்டைகூட அங்கே இல்லை.

"துணியே இல்லாம எதுக்குடி இஸ்திரிப் பெட்டி?" பேச்சுவார்த்தை கிடையாது என்பது தையல்காரிக்கு மறந்தே போயிற்று.

கீழ் வீட்டுக்காரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் இஸ்திரி போடறப்ப எல்லாம் மேல உங்க மெஷின் நல்லா ஓடறது கேட்கும். இன்னைக்கு அது முனகி முனகி நின்னுடுச்சு. அஞ்சு மணிக்கு வேன்னு நீங்க அழுததும் காதுல விழுந்துச்சு. மனசு கேட்கல."

தயங்கிவிட்டு ஆசையோடு கேட்டாள்.

"எல்லாத்தையும் குடுத்து அனுப்பிட்டோமாக்கா? அப்ப இதை அணைச்சுடட்டுமா?"