முதலில் வாழ்க, பிறகுதான் பேர்

“கும்பிடு போடாதண்ணே. நெஞ்சை நிமித்திக் கத்து,” என்றான் தவசி.

குழாயடிக் கண்ணாடிக்கு முன்னால் நின்ற சுருளி தொண்டையைச் செருமிக்கொண்டு முழங்கினார். “வீவ் லா ஃப்ரான்ஸ்!”

தவசி கம்பெனி வேன் டிரைவர். முன்பு பாண்டிச்சேரியில் டாக்சி ஓட்டியவன். “நாம பேரைச் சொல்லிட்டு வாழ்கம்போம். அவுக முதல்ல வாழ்கன்னுட்டு அப்புறந்தான் பேரைச் சொல்லுவாக. நம்ம ஜெய்ஹிந்த் மாதிரி வச்சுக்க. அங்க சூலை மாசம் கொடியேத்துறப்ப, பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்த பெருசுக இதைச் சொல்லிட்டுக் கண்ணைத் தொடைக்கும்ணே. நானே பாத்திருக்கேன்.”

“இன்னிக்கு வாரவரும் கண்ணைத் தொடைக்கணும்டா மாப்ள. அது போதும் எனக்கு.”

கப்பலூரில் அவர்கள் வேலை பார்க்கும் ரப்பர் கம்பெனிக்குப் புது மெஷின் வரப்போகிறது. மெஷின் விற்கிறவர் இன்று நேரில் வருகிறார். அவருக்குப் பிரெஞ்சுதான் நன்றாக வரும். இங்கிருந்து ஒருவரைத் தம் ஊருக்குக் கூட்டிப்போய் வேலை பழக்குவார், ஆளை அவரே பார்த்துச் சொல்வார் என்று பேச்சு. பழைய மெஷினோடு மல்லுக்கட்டியே தலை நரைத்த சுருளி, தன்னை விட்டால் யார் என்றுதான் இருந்தார்.

அந்த நினைப்பில் மண்ணைப் போட வந்தாள் மேலூர்ப் பெண் பவதாரிணி. சேர்ந்து வருஷம் திரும்பவில்லை. மெஷினும் தெரியும், பிரெஞ்சும் தெரியும். முதலாளி ராஜபாண்டி எதற்கெடுத்தாலும் “பவாம்மாவைக் கூப்பிடு” என்கிறார். கேன்டீன் அழகம்மாள்கூடச் சட்டியிலிருந்து எடுத்த முதல் வடையை அவளுக்குத்தான் வைக்கிறாள். அது இத்தனை காலமும் சுருளியின் வடை.

பொறாமை, வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பு மாதிரி. கூடிப்போனால் வேகிறது நம் நாக்குத்தான்.

பவதாரிணி வரவேற்பு மேஜையில் இரண்டு காகிதக் கொடிகளை நட்டுக்கொண்டிருந்தாள். ஒன்று நம்முடையது. இன்னொன்று கறுப்பு, மஞ்சள், சிவப்பு. ‘இது எந்தக் கட்சியோ! இங்கயும் அரசியலைக் கொண்டாந்துட்டாளா?’ என்று சுருளி பல்லைக் கடித்தார்.

“அண்ணே, வாரவரைப் பத்தி ஒண்ணு சொல்லணும்...”

“நீ ஒண்ணும் சொல்லித்தர வேணாம் தாயி. எனக்கும் நாலு வார்த்தை தெரியும்.”

“அதில்லண்ணே, அவரு வந்து...”

“அவரு வந்து பாக்கத்தானே போறாரு, யாரு கெட்டிக்காரவுகன்னு? போ, போயி மாலையை எடுத்து வையி.”

அவள் மாலையை எடுக்கப் போனாள். சுருளிக்குக் குளுகுளுவென்று இருந்தது.

கார் வந்து நின்றது. விருந்தாளி படியேறினார். முதலாளி மாலையைத் தூக்குவதற்குள் சுருளி முண்டிக்கொண்டு முன்னால் போய்க் கையை உயர்த்தினார்.

“வீவ் லா ஃப்ரான்ஸ்!”

தகரக் கூரை அதிர்ந்தது. விருந்தாளி அப்படியே நின்றுவிட்டார். முதலாளி நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துப் பவதாரிணி நடுவில் புகுந்து, சிரித்துக்கொண்டே பிரெஞ்சில் என்னவோ படபடவென்று சொன்னாள். ‘கெடுக்க வந்துட்டாளே பாவி!’ என்று சுருளி உள்ளுக்குள் கருவினார்.

விருந்தாளி சுருளியை மேலும் கீழும் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்து, ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்து, கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். அப்புறம் சாயங்காலம் வரை சுருளியின் மெஷின் பக்கத்தை விட்டு நகரவேயில்லை.

கார் கிளம்பிய கையோடு முதலாளி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். “யோவ் சுருளி! கைவேலையும் தெரியுது, குசும்பும் இருக்கு, இந்த ஆளைத்தான் அனுப்பணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாருய்யா!”

சுருளிக்குக் கால் தரையில் பாவவில்லை. நேரே பவதாரிணியிடம் போனார். அவள் காப்பித் தம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“பாத்தியாத்தா? ஒரே வார்த்தை! அது சரி, நடுவுல புகுந்து அப்படி என்னத்தச் சொன்ன?”

“‘எங்க அண்ணன் ஃபுட்பால் பைத்தியம், உங்களை வம்புக்கு இழுக்குறாரு’ன்னு சொன்னேன்ணே.”

“வம்பா? ஒரு மனுசனோட நாட்டை வாழ்கன்னு சொல்றது வம்பாத்தா?”

“அவரு, உலகக் கோப்பையில ஃப்ரான்ஸ்கிட்டத் தோத்த பெல்ஜியம்ணே.”