புதன்கிழமை மதியம்

"பன்னிரண்டரைக்குக் கிளம்பிடறீங்க. திரும்பி வர ரெண்டு மணி ஆகுது. எட்டு மாசமா ஒவ்வொரு புதன்கிழமையும் இதே கதைதான். எங்கே போறீங்க?"

கேட்டவர் டாக்டர் எலியட். ஸ்காட்லாந்தில், கெல்சோ ஊரில் இருக்கும் அந்த கிளினிக்கின் முதலாளி.

கேள்வி டாக்டர் கிர்ஸ்டிக்கு. ஆறு வருடமாக அங்கே சம்பளத்துக்கு வேலை பார்க்கிறாள்.

அவளுக்குப் பக்கத்தில் டாக்டர் ரோரி. சம்பள டாக்டர்களுக்கு ஒரு பிரச்னை என்றால் கூட வந்து உட்கார்ந்து பேசுகிற சங்கத்தின் ஆள். அவர் ஒரு லோகம் டாக்டர். எந்த ஊரில் எந்த டாக்டர் லீவு போட்டாலும், போய் அந்த நாற்காலியில் நாலு நாள் உட்கார்ந்துவிட்டு வருகிறவர்.

"மத்த நாள்ல இவங்க சாப்பிடக்கூட எழுந்திருக்கிறதில்லை," என்றார் ரோரி. "நேத்து முப்பத்தாறு பேரைப் பார்த்திருக்காங்க. நீங்க எத்தனை பேரைப் பார்த்தீங்க?"

"எனக்கு மீட்டிங் இருந்தது."

"அதைத்தான் சொல்றேன்."

எலியட்டின் முகம் சிவந்தது. "போன வாரம் ஒரு கர்ப்பிணி இருபது நிமிஷம் காத்திருந்து, புகார் எழுதிக் கொடுத்துட்டுப் போயிருக்காங்க. எனக்கு எல்லாம் தெரியும். இவங்க பக்கத்து ஊர்ல திருட்டுத்தனமா லோகம் பார்க்கிறாங்க."

"இல்லை," என்றாள் கிர்ஸ்டி.

"அப்போ வேற என்ன? காதல் விவகாரமா?"

"டாக்டர், மரியாதையா பேசுங்க!" ரோரி குரலை உயர்த்தினார். "எங்களுக்கு அஞ்சு நிமிஷம் வேணும்."

வராந்தாவுக்கு வந்ததும் கெஞ்சினார்.

"ஏம்மா, என்கிட்டயாவது சொல்லுங்க. ஒரு வரி போதும், அந்த மனுஷன் வாயை அடைச்சுடுவேன். நீங்க பேசலேன்னா சட்டப் புத்தகத்தை வெச்சுக்கிட்டு நான் விசிறிக்கத்தான் முடியும்."

"சொன்னா நான் ஜெயிச்சிடுவேன் ரோரி. அவங்க தோத்துடுவாங்க."

"யாரு?"

"சொல்றதில்லைன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்."

உள்ளே போனபோது மேஜையில் ஒரு தாள் தயாராக இருந்தது.

"ராஜினாமா பண்ணினா நல்ல சர்ட்டிஃபிகேட் தர்றேன். இல்லேன்னா மருத்துவ கவுன்சிலுக்கு எழுதுவேன்," என்றார் எலியட்.

"கையெழுத்துப் போடாதீங்க. அவர் எழுதட்டும், நான் பார்த்துக்கறேன்," என்றார் ரோரி.

கிர்ஸ்டி கையெழுத்துப் போட்டாள். கோட்டை மாட்டிக்கொண்டு, இருவரையும் பார்க்காமல் போய்விட்டாள்.

ரோரி எரிச்சலோடு தன் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது எலியட்டின் போன் அடித்தது. அவர் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஃபைலைத் தேடினார்.

"டாக்டர், முதியோர் இல்லத்திலிருந்து பேசறோம். உங்கம்மா காலையிலேருந்து வாயில ஒண்ணும் வைக்கலை. கிர்ஸ்டி வந்து ஊட்டினாத்தான் சாப்பிடுவாங்களாம். இன்னைக்குப் புதன்கிழமையாச்சே, அவங்க வரலையா?"

"கிர்ஸ்டி அங்கே வர்றாளா?"

"எட்டு மாசமா தவறாம வர்றாங்களே! உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு உங்கம்மாதான் சத்தியம் வாங்கிட்டாங்க. 'பெத்த பிள்ளை எட்டிப் பார்க்கலைன்னு ஊர் பேசும், அவனுக்குத் தலைகுனிவு'ன்னு. இப்போ சாப்பிடாம இருக்கிறதால சொல்லவேண்டியதாப் போச்சு."

எலியட் போனை அணைத்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

ரோரி ராஜினாமாக் கடிதத்தை மெல்ல அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். கிழித்துப் போட ஒரு நொடி போதும்.

எலியட் அதை எடுத்தார். ஒருமுறை படித்தார். ஃபைலுக்குள் வைத்து மூடினார்.

"டாக்டர் ரோரி, நீங்க லோகம்தானே? புதன்கிழமை மதியம் போய் அம்மாவுக்கு ஊட்டிவிட உங்களுக்கு நேரம் இருக்குமா?"