தலையணைக்குக் கட்டிய துணி

எழுந்துவிடக் கூடாது. எழுந்தால் இது தன் வேலை ஆகிவிடும். அப்படி நினைத்துக்கொண்டுதான் அவள் சோபாவில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மடியில் இருந்த எட்டு மாதப் பையன் அவளுடைய நல்ல புடவையை நனைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன்போல் அவள் வளையலைக் கடித்துக்கொண்டிருந்தான்.

எதிரே உட்கார்ந்திருந்த பையனின் அப்பாவோ பேச்சை நிறுத்துவதாக இல்லை. நகரத்துக் குப்பைக் கிடங்கில் பொறியாளர் வேலை அவனுக்கு. டயபர் என்று யாராவது ஆரம்பித்தால் போதும், மேடை கிடைத்துவிட்டது அவனுக்கு.

“தினமும் லாரி லாரியா வந்து இறங்குது. மக்கவே மக்காது. இவன் இன்னைக்குப் போட்டுக் கழட்டினது, இவனோட பேரன் காலத்துலயும் அங்கேயே கிடக்கும். யோசிச்சுப் பாருங்க.”

“அது சரி. ஆனா வேலைக்குப் போயிட்டு வர்றவளுக்கு அந்த ஒரு வேலையாவது மிச்சமாகுமே?” என்றாள் அவள். மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க நின்றபடி ஊரார் கண்ணைச் சோதிப்பவள் அவள். மாலையில் கால் இரண்டும் கெஞ்சும்.

“துணியில என்ன பெரிய கஷ்டம்? அலசி, வெந்நீர்ல ஊற வெச்சு, பிழிஞ்சு, வெயில்ல போட்டா முடிஞ்சது. கடைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை. தோலுக்கும் துணிதான் நல்லது. தொடை இடுக்குல புண்ணே வராது.”

அவன் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை. அதுதான் அவளுக்குச் சங்கடமாக இருந்தது. தப்பாகப் பேசுகிறவர்களிடம் சண்டை போடலாம். இவன் பேச்சில் எல்லாம் இருந்தது. யார் அலசுவது, யார் பிழிவது என்பது மட்டும் வரவே இல்லை.

சமையலறையிலிருந்து அவன் அக்கா எட்டிப் பார்த்தாள். “இவன் பேசுறதைக் கேட்டா, ஊர்த் துணியெல்லாம் இவனே துவைச்சுப் போடுற மாதிரி இருக்கும்!”

“போக்கா, நீ வேற.”

“ஆமாடா, நான் வேறதான். எனக்குன்னு ஒரு வீடு இருக்கு. பையனோட அம்மா போய்ச் சேர்ந்ததுலேர்ந்து இங்கதான் இருக்கேன். எத்தனை நாளைக்கு இங்கேயே கிடக்க முடியும்? நீயே சொல்லும்மா.” சொல்லிவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். சோப்புத் தண்ணீர் தின்று, நுனியெல்லாம் வெடித்துப்போன விரல்கள்.

ஜன்னல் கம்பியில், நாற்காலி முதுகில், கதவின் மேல் என்று எங்கே பார்த்தாலும் வெள்ளைத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. பையன் வளையலை விட்டுவிட்டு அவள் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டான். இந்தப் பிடிதான் ஆபத்து என்று பட்டது அவளுக்கு. இன்னும் கொஞ்ச நேரம் போனால் அவளாகவே எழுந்து ஒரு துணியைத் தேடுவாள். பிறகு தினமும் தேடுவாள்.

“கட்டுறது எவ்வளவு லேசுன்னு பாருங்க.” அவன் உற்சாகமாக எழுந்து ஒரு துணியை உருவினான். சோபாத் தலையணையை மேசைமேல் கிடத்தினான். துணியை முக்கோணமாக மடித்து, முனைகளை இழுத்து நடுவில் முடிச்சுப் போட்டான். ஒரு சுருக்கம் இல்லை. தலையணையும் சமர்த்தாகப் படுத்திருந்தது.

“ரொம்ப அழகா இருக்கு. இவனுக்கும் அப்படியே கட்டி விட்டுடுங்களேன்.” அவள் பையனைத் தூக்கி நீட்டினாள்.

அவன் கைகள் முதுகுக்குப் பின்னால் போய்விட்டன. “இவன் உதைக்கிறானே! தலையணைன்னா சொன்னபடி கேக்கும். இதுக்கெல்லாம் பழகின கை வேணும். பொம்பளைங்களுக்கு அது தானா வந்துடும்.”

வெகுளியாகத்தான் சொன்னான். கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்தால் இவ்வளவு நேரம் யோசித்திருக்க வேண்டியதே இல்லை.

“சரி, துடைக்கிறதுக்கு ஒரு துண்டாவது எடுங்க. எங்க இருக்கு?”

அவன் வீட்டைச் சுற்றுமுற்றும் பார்த்தான், விருந்துக்கு வந்தவனைப்போல. “அக்கா! துண்டெல்லாம் எங்க வெச்சிருக்கே?”

அக்கா ஒரு கையில் டீயும் ஒரு கையில் துண்டுமாக வந்தாள். பையனை வாங்கிக் கிடத்தி, இரண்டு காலையும் சேர்த்துத் தூக்கி, அவன் கத்துவதற்குள் துணியை மாற்றி முடித்தாள். கழற்றியது வாளிக்குள் போயிற்று. தம்பி டீயை ஆற்றிக்கொண்டிருந்தான்.

“இப்ப சொல்லுங்க, துணி நல்லதா இல்லையா?” என்றான்.

“நல்லதுதான்.”

“பார்த்தியாக்கா? எப்படிப் பேசி ஒத்துக்க வெச்சேன்!”

“அப்புறம் என்ன தயக்கம்? சரின்னு வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லிடும்மா. நான் நாளைக்கே மூட்டையைக் கட்டிடுவேன்” என்று அக்கா பையனை மறுபடியும் அவள் பக்கம் நீட்டினாள். அந்த வெடித்த விரல்கள் அவளைக் கெஞ்சின.

பையனின் கன்னத்தை ஒருமுறை தொட்டுவிட்டு, அவள் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். குரலை உயர்த்தாமல் அவனிடம் சொன்னாள்:

“துணியே கட்டுங்க, அதான் நல்லது. உங்களுக்குப் பொண்ணு மட்டும் வேற இடத்துல பாருங்க.”