பொட்டலத்துக்கு வயிறு சரியில்லை

"விடியக்காலையில, வெறும் வயித்துல, மஞ்சளா நுரை நுரையா வாந்தி எடுக்குறான் டாக்டரம்மா. நெஞ்சுலேர்ந்து தொண்டை வரைக்கும் எரிஞ்சுக்கிட்டு வரும். அப்புறம் வாயெல்லாம் ஒரே கசப்பு."

கால்நடை மருத்துவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். மேசை மேல் நின்ற பழுப்பு நாய், பொட்டலம், வாலை ஆட்டியபடி அவருடைய ஸ்டெதஸ்கோப்பை நக்கிக்கொண்டிருந்தது.

"வாய் கசக்குதுன்னு இவன் உங்ககிட்ட சொன்னானா ஐயா?"

"சொல்லணுமாக்கும்! மூஞ்சியப் பார்த்தா தெரியாது?" என்றார் பெரியவர். முப்பது வருடம் ஆம்புலன்ஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். குரலில் இன்னும் சைரன் இருந்தது. "வாயில்லா ஜீவன். நாமதான் புரிஞ்சுக்கணும்."

பக்கத்தில் நின்ற மருமகள் தலை குனிந்துகொண்டாள்.

மருத்துவர் நாயின் வயிற்றை அழுத்திப் பார்த்தார். "வலி இருக்கிற மாதிரி தெரியலையே..."

"இந்த நேரத்துல இருக்காது. விடியக்காலையிலதான்," என்றார் பெரியவர் சட்டென்று.

"சரி, மாத்திரை இப்ப வேண்டாம். இயற்கையாவே ஆரம்பிப்போம். பூசணிக்காயை உப்பு, காரம் இல்லாம வேகவெச்சு மசிச்சு, சோத்துல கலந்து கொடுங்க. ஒரு மரப்பட்டைப் பொடி தரேன். வெந்நீர்ல கரைச்சா வழவழன்னு கஞ்சியாட்டம் வரும். வயித்து எரிச்சலைத் தணிக்கும். ஒரேயடியா கொட்டாம நாலு வேளையா பிரிச்சுப் போடுங்க. எண்ணெய்ல பொரிச்சதைக் கண்ணுலயே காட்டக்கூடாது."

"இவன் தனியா சாப்பிட மாட்டான் டாக்டர்," என்றாள் மருமகள். "மாமா எதிர்ல உட்கார்ந்து அதையே நாலு வாய் சாப்பிட்டாத்தான் தட்டுல வாய் வைப்பான்."

"உப்பில்லாத பூசணிக்காயையா?"

"இவனுக்காக, மாமா."

"என் தலையெழுத்து!" என்றவர், குரலைத் தணித்துக்கொண்டார். "அந்தப் பொடி... மனுஷங்க சாப்பிடலாமா டாக்டரம்மா? சும்மா, ஒரு சந்தேகம்."

"அதை மனுஷ டாக்டர்கிட்டதான் கேக்கணும் ஐயா."

ஒரு மாதம் கழித்துப் பொட்டலத்தோடு மருமகள் மட்டும் வந்தாள். நாய் அரைக் கிலோ ஏறியிருந்தது.

"வாந்தி?"

"சுத்தமா நின்னுடுச்சு டாக்டர். மாமா ஒரு நாள்கூட விடல. அலாரம் வெச்சு நாலு வேளையும் ரெண்டு பேரும் எதிரும் புதிருமா உட்கார்ந்து சாப்பிட்டாங்க. 'உனக்காகத்தான்டா இந்தக் கண்றாவியைத் திங்கறேன்'னு இவனைத் திட்டிக்கிட்டே."

மருத்துவர் சிரித்தார். "என் அனுபவத்துல இப்படி ஒருத்தரைப் பார்த்ததில்லம்மா. நெஞ்செரிச்சல், வாய்க் கசப்பு, நேரம் காலம், எல்லாத்தையும் அவரே அனுபவிச்ச மாதிரி சொன்னாரே! எங்கே அவர்?"

"இன்னைக்கும் அவரோட டாக்டர்கிட்டதான் போயிருக்கார். எத்தனையோ பேரை ஆஸ்பத்திரி வாசல்ல இறக்கிவிட்டவரு, தனக்குன்னு ஒரு நாளும் படியேறினதில்ல. கெஞ்சியும் பார்த்தாச்சு, சண்டையும் போட்டாச்சு. போன வாரம், 'அந்தப் பொடியைப் பத்திச் சும்மா கேட்டுட்டு வரேன்'னு தானா கிளம்பினார். வயித்துல புண்ணாம். ஆரம்பம்தான், குணமாயிடும்னு சொல்லிட்டாங்க."

மருத்துவரின் கை நாயின் முதுகிலேயே நின்றது. "அப்போ... இவனுக்கு?"

"மொதல்ல இங்க வந்தோமே, அன்னைக்கு விடியக்காலையில குழாயடியில மஞ்சளா கிடந்துச்சு. 'யாரு மாமா எடுத்தது'ன்னு கேட்டேன். 'வேற யாரு, உன் நாய்தான்'னாரு." மருமகள் பொட்டலத்தின் காதை வருடினாள். "இவன் அப்போ தாழ்ப்பாள் போட்ட எங்க ரூமுக்குள்ள, என் கட்டிலுக்கு அடியில குறட்டை விட்டுக்கிட்டிருந்தான், டாக்டர்!"