மேனேஜர் மேல் விழுந்த பழி

"தம்பி, உன் பூனையை இன்னிக்கே எங்கேயாவது கொண்டுபோய் விட்டுடு. இல்லேன்னா நான் பொல்லாதவளா ஆயிடுவேன், ஆமா!"

காலங்காத்தாலே வேலியோரம் வந்து நின்று பொரிந்து தள்ளினாள் தையல்காரம்மா. கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கிக்கொண்டிருந்தது.

பல் துலக்கிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு பஸ் டிரைவர் வாய் நிறைய நுரையோடு விழித்தான். அவன் காலடியில் குற்றவாளி நீட்டிப் படுத்திருந்தது. உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாது, எல்லாரையும் முறைக்க மட்டும் செய்யும் என்பதால் அதற்கு அவன் வைத்த பெயர் மேனேஜர்.

"மேனேஜரா? போங்கக்கா! ஈ வந்து மூக்கு மேல உக்காந்தாக்கூட அது ஏன்னு கேக்காது."

"சும்மா பூசி மெழுகாதே! எங்க தீனித் தட்டுக்கு ஒரு குருவி வருதா, ஒரு சிட்டு வருதா? முன்னெல்லாம் விடிஞ்சா ஒரே கச்சேரி. இப்ப ஸ்டூல் மேல ஏறித் தீனி போடற வேலைகூட எனக்கு இல்லை. போட்டது அப்படியே கிடக்கு. பூனை விரட்டாம வேற யாரு விரட்டுவா?"

சொல்லும்போதே குரல் உடைந்தது. கோபமெல்லாம் மேலுக்குத்தான். உள்ளே இருந்தது கவலை.

அவள் கணவர் ஊர் ஊராகப் போய்ச் சாமான் விற்றவர். பேசியே பிழைத்த மனுஷன். பக்கவாதம் வந்து வலது கையையும் பேச்சையும் சேர்த்து வாரிக்கொண்டு போய்விட்டது. தோட்டத்து ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். மாசக்கணக்கில் ஊமையாக இருந்தவர், ஒருநாள் தட்டில் வந்து உட்கார்ந்த கறுப்பு வெள்ளைப் பறவையைப் பார்த்து, "வக்...கீல்" என்றார். தைத்துக்கொண்டிருந்த சட்டையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து அழுதாள் அவள்.

"பறவை வரட்டும்மா, பேச்சும் தானா வரும்" என்று டாக்டரும் சொல்லியிருந்தார்.

இப்போது வக்கீலும் இல்லை, வார்த்தையும் இல்லை. எதைக் கேட்டாலும் தலையாட்டுவதோடு சரி. இப்படியே வாய் அடைத்துப்போய்விடுமோ என்ற பயத்தில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"உன் பூனைக்குப் பயந்துதானே தட்டை அவ்வளவு உசரத்துல மாட்டினேன்! போன மாசம் ஸ்டூல் சாஞ்சு விழுந்து இடுப்பெல்லாம் கன்னிப்போச்சு. அவருக்குத் தெரிஞ்சா தவிச்சுப்போயிடுவாரேன்னு நான் மூச்சு விடலை. இவ்வளவும் பண்ணது எதுக்கு? உன் பூனை வந்து விரட்டறதுக்கா?"

டிரைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவன் பார்வை அவளைத் தாண்டி அந்த ஜன்னல் பக்கம் ஒரு தடவை போய்வந்தது. நுரையைத் துப்பினான். சொல்ல வந்ததும் அதோடு போயிற்று.

"சரிக்கா. டிப்போவில என் கூட்டாளி ஒருத்தன் இருக்கான். அவன் வீட்டுல விட்டுடறேன்."

தப்பு தன் மேல இருக்கு, அதான் மறுபேச்சு இல்லை என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும் கூடைக்குள்ளிருந்து மேனேஜர் ஈனஸ்வரத்தில் கத்திக்கொண்டே போனபோது அவளுக்கு ஒரு மாதிரிதான் இருந்தது. என்ன செய்வது? அவளுக்கு அவள் புருஷன் முக்கியம்.

பூனை போயும் பறவை வரவில்லை. மறுநாளும் இல்லை, அதற்கு மறுநாளும் இல்லை. முன்னறையில் மிஷினைக் கடகடவென்று மிதித்தாளே தவிர மனசு முழுக்கத் தட்டிலேயே கிடந்தது. தைத்த சட்டையில் ஒரு கை தலைகீழாக ஏறிவிட்டது.

"சே! என்னதான் நடக்குதுன்னு இன்னிக்குப் பாத்துடறேன்."

மிஷினை அப்படியே விட்டுவிட்டு, வீட்டைச் சுற்றிக்கொண்டு தோட்டத்துக்கு வந்து, கொடியில் காய்ந்த போர்வைக்குப் பின்னால் பதுங்கினாள். கால் மரத்துப்போனது.

வந்துவிட்டது! வக்கீலேதான்! தட்டின் விளிம்பில் உட்கார்ந்து, வாலைத் தூக்கி ஒரு பாட்டை எடுத்துவிட்டது. கத்திவிடப் போகிறோம் என்று பயந்து தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள்.

டக்! டக்! டக்!

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பறவை விருட்டென்று பறந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் கணவர். இடது கையில் கைத்தடி. பறவை போன திக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குள் பாய்ந்தாள்.

"என்னங்க அநியாயம் இது! நீங்களா விரட்டினது? நான் மிஷின் மிதிக்கிற சத்தத்துல எனக்குக் கேக்காதுன்னா? அன்னிக்கு இந்த ஜன்னலைப் பாத்தானே, அந்தத் தம்பிக்கு இது தெரியும்தானே? தெரிஞ்சேதான் பேசாம பூனையைத் தூக்கிட்டுப் போனானா?"

அவர் தலையாட்டினார். கண்ணில் தண்ணீர் நின்றது.

"வாயில்லாத ஜீவனைத் துரத்திட்டேனே பாவி! ஏங்க இப்படிப் பண்ணீங்க? உங்களுக்குப் பறவை வேண்டாமா? பேச்சு வேண்டாமா?"

கைத்தடியை நழுவவிட்டார். இடது கையை நீட்டி, சுவரோரம் சாத்தியிருந்த ஸ்டூலைக் காட்டினார். பிறகு அந்தக் கையாலேயே அவள் இடுப்பை, கன்னிப்போயிருந்த அதே இடத்தை, மெதுவாகத் தொட்டார். உதடு கோணியது. ஒவ்வொரு வார்த்தையாகக் கஷ்டப்பட்டு இழுத்தார். படுத்த நாளிலிருந்து அவர் முழுசாகச் சொன்ன முதல் பேச்சு அதுதான்.

"அது... வந்தா... நீ... ஏறுவே."