விரிந்த கைகள்

விமானிகள் அணியும் பழைய பாணித் தோல் ஜாக்கெட்டுகளைச் சேர்ப்பவன் எட்வின். அவனைத் தவிர யாரும் அவற்றைத் தொடக்கூடாது. அடைமழை ஓய்ந்தபோது ஒன்றில் பூசணம் பூத்திருந்ததைப் பார்த்து அவன் மனைவி சுகிர்தா பதறிப்போனாள். சோப்புத் தண்ணீரால் துடைத்து, இரண்டு கைகளுக்குள்ளும் கம்பைக் கோத்து, மொட்டைமாடி வெயிலில் காயப் போட்டாள். சாயங்காலம் கம்பை உருவிய பிறகும் கைகள் விரிந்தபடியே நின்றன. தோல் அப்பளமாக விறைத்துவிட்டது.

மறைப்பதற்குள் எட்வின் வந்துவிட்டான்.

"யாரு இதை வெயில்ல போட்டது?"

"நான்தாங்க. பூசணம் பிடிச்சிருந்துச்சு..."

"என் தோலை உரிச்சுக் காயப் போட்டிருக்கலாமே."

அவன் கத்தவில்லை. கத்தாத நாட்களில்தான் அடி விழும். உடம்புச் சூட்டில் தோல் இளகும் என்று முக்கி முனகி ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டான். சுருங்கிப்போன தோல் அவனை இறுக்கிப் பிடித்தது. கைகளை மடக்கப் பார்த்தான், முடியவில்லை. கூடத்தின் நடுவில் சிலுவை மாதிரி நின்றான்.

"என்னடி பாத்துட்டு நிக்கிற? கிட்ட வந்து கழட்டு."

கல்யாணமானதிலிருந்து, அடுத்த நொடி அவனுடைய கைகள் எங்கே இருக்கும் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது இப்போதுதான். சுகிர்தா நாற்காலியை இழுத்துப் போட்டு, அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள்.