நீல டப்பி

"கொஞ்சம் குனி."

கேப்டன் தன் கழுத்தில் கிடந்த கயிற்றைக் கழற்றி, படகின் விளிம்பில் நின்ற மனைவியின் கழுத்தில் போட்டார். கயிற்றின் நுனியில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு நீல டப்பி, தண்ணீர் புகாத திருகு மூடியோடு. கேப்டனம்மா அதை நெஞ்சோடு சேர்த்து ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொண்டு, மூச்சுக்குழாயை வாயில் கவ்வி, தொபுக்கென்று கடலில் குதித்தார்.

பார்த்துக்கொண்டிருந்த பல் டாக்டரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் விட்ட பெருமூச்சில் படகு நங்கூரத்தைப் பிடுங்கிக்கொண்டு அடுத்த தீவுக்கே போயிருக்கும்.

அவள் நிலைமை அப்படி. ஆறு மாதமாக அவளும் அவள் புருஷனும் வீட்டில் பேசிக்கொண்டதெல்லாம் "கேஸ் தீர்ந்துபோச்சு", "கதவைச் சாத்து" இரண்டே வசனம்தான். எப்போதோ பதிவு செய்து வைத்த பாவத்துக்கு இந்தத் தீவுச் சுற்றுலாவுக்கு வந்திருந்தார்கள். கரை இறங்கியதும் அவள் நேரே அம்மா வீட்டுக்கு, அவர் தனியாக என்று பேசி முடித்தாகிவிட்டது. பெட்டியைக்கூடத் தனித்தனியாகத்தான் கட்டியிருந்தார்கள்.

படகுக்கார ஜோடியோ வீடு வாசலையெல்லாம் விற்று இந்த மோட்டார் படகை வாங்கியவர்கள். தீவு தீவாகச் சுற்றி, வருகிறவர்களுக்குக் கடலடியைக் காட்டுவதுதான் பிழைப்பு. கரையில் அவர்களுக்கு ஒரு குடைகூடச் சொந்தமில்லை.

முதல் நாளே பல் டாக்டரம்மாவின் புருஷன், வங்கி மேனேஜர், பெண்டாட்டி காதில் விழும்படியாகவே கேட்டார். "ராத்திரி பகலா ஒரே மூஞ்சியப் பார்த்துக்கிட்டு எப்படிங்க இருக்கீங்க?"

"கண்ணை எடுக்கக் கூடாது சார். அவ்வளவுதான்" என்றார் கேப்டன்.

சொன்னபடியே அவர் எடுக்கவுமில்லை. மனைவி தண்ணீரில் மிதக்கும்போது, அந்த ஆரஞ்சு நிற மூச்சுக்குழாயையே கொக்கு மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இறங்கும் முறை வந்தால் டப்பி அவர் கழுத்துக்கு மாறும், கேப்டனம்மா கொக்காவார். இருவரும் சேர்ந்து இறங்கியதே இல்லை, டப்பி கழுத்தில் ஏறாமல் ஒருவரும் இறங்கியதில்லை.

கடலுக்கடியில் இன்னும் அதிசயம். பவளப்பாறைப் பக்கம் சாப்பாட்டு மேஜை அளவுக்கு ஓர் ஆமை வந்து, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுபோல நின்றது. கேப்டனம்மா அதைச் சட்டை செய்யவேயில்லை. தலையைத் தூக்கித் தூக்கிப் படகைத்தான் பார்த்தார்.

'ஆமையை விட்டுட்டு ஆம்படையானைப் பார்க்கிறாங்களே!' பக்கத்தில் மிதந்த பல் டாக்டரம்மா நீச்சல் கண்ணாடிக்குள்ளேயே அழுதாள். கடலில் உப்பு கொஞ்சம் கூடியது.

ஒன்றே ஒன்றுதான் அவளுடைய தொழில் புத்திக்கு உறுத்தியது. சிரிக்கும்போது பார்த்தால், அந்த இருவருக்குமே பற்கள் மட்டமாகத் தேய்ந்திருந்தன, தூக்கத்தில் நறநறவென்று கடிப்பவர்களுக்குத் தேய்கிற மாதிரி. உப்புக்காற்றுக்கு அப்படி ஆகும் போலிருக்கிறது என்று உலகம் அறியாத ஒரு மருத்துவ உண்மையைக் கண்டுபிடித்து அவள் சமாதானமானாள்.

கடைசி நாள். கேப்டன் தண்ணீரில். பல் டாக்டரம்மா புருஷன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அந்த டப்பிக்குள்ள என்னங்க இருக்கும்?"

ஆறு மாதத்தில் முதல் முழுக் கேள்வி. மேனேஜர் தூக்கிவாரிப் போட்டதைச் சமாளித்துக்கொண்டு யோசித்தார். "கல்யாண மோதிரமா இருக்கும். தண்ணியில கழண்டு விழுந்துடக் கூடாதுல்ல."

"ம்."

"நீ எனக்கு அப்படி எதுவும் போட்டுவிட்டதே இல்லையே."

"நீங்க எப்பக் குனிஞ்சீங்க?"

வங்கித் தலைவருக்குக்கூட வளையாத மேனேஜரின் கழுத்து மெதுவாக வளைந்தது. அவள் கையில் இருந்தது ஈரத் துண்டுதான், அதையே போட்டுவிட்டாள். துண்டிலிருந்து கடல் சொட்ட அவர் சிரித்தார், அவளும் சிரித்துவிட்டாள்.

அந்தச் சூட்டோடு சூடாக அம்மாவுக்குப் போன் போட்டாள். "நான் அங்க வரலைம்மா... வரலைன்னா வரலைதான். அந்த ரூமைத் தம்பிக்கே குடுத்துடு. இன்னிக்கே மாறிக்கச் சொல்லு!"

இருவரும் கைகோத்துக்கொண்டு, கல்யாண மேடைக்குப் போவது போலப் படகின் பின்பக்கம் போனார்கள். அங்கே கேப்டனம்மா தனியாக உட்கார்ந்து, தூரத்தில் மிதந்த ஆரஞ்சுக் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, உங்களைப் பார்த்துத்தான் நாங்க திருந்தினோம். எங்களுக்கும் அதே மாதிரி ஒரு டப்பி வேணும்."

"இவளுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு" என்றார் மேனேஜர், துண்டைச் சரிசெய்துகொண்டு.

"ரெண்டு எதுக்கு? ஒண்ணு போதும்" என்றார் கேப்டனம்மா.

"அதுக்குள்ள என்னக்கா வச்சிருக்கீங்க?"

கேப்டனம்மா ஆரஞ்சுக் குழாயிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:

"இன்ஜின் சாவிம்மா. ஒரு தடவை அவர் அதைப் படகுலயே மறந்து வச்சிட்டு இறங்கிட்டார், நான் கிளம்பிட்டேன்."